நாற்று மாற்றும் ஞாயிறு

மூன்றாம் முறை விதைத்ததில் பிழைத்துக் கிடந்த நாற்றுகளைக் கொத்தனார் வருவதற்குள் பிரித்து நட்டுவிட வேண்டும் என்று இந்திராணி காலையிலேயே மாடிக்கு வந்துவிட்டாள், வந்தவுடனேயே காற்றும் வந்துவிட்டது, ஆடிக்காற்று, திருச்சியில் இந்த மாதம் முழுக்க இப்படித்தான், காகிதக் கப்பை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் அது கவிழ்ந்து கைப்பிடிச்சுவர் வரை உருண்டு போகும், மண்ணைப் போட்டு அழுத்தினால் மண்ணின் மேல் பாகம் பறந்து கண்ணில் விழும். அவள் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் முட்டியை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். எதிரே ஸ்வீட் டப்பாவின் மூடியில் தக்காளி நாற்று, பக்கத்தில் இன்னொரு மூடியில் கத்தரி, பழைய இட்லித் தட்டில் செண்டுப்பூ, எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. சாய்ந்திருப்பது வெயில் பற்றாததால். வெயிலில் வைத்தால் காற்று முறிக்கிறது, காற்றுக்கு மறைவாக வைத்தால் வெயில் இல்லாமல் நூலாக நீளுகிறது, இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இந்த மாடியில் இருக்கத்தான் வேண்டும், நாலு வருஷமாகத் தேடுகிறாள். முதல் விதைப்பு நன்றாகத்தான் முளைத்தது. ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் பாதி நாற்றுகள் தண்டோடு தண்டாகப் படுத்துக்கிடந்தன, மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு வெந்த மாதிரி குழைந்து போயிருந்தது. தண்ணீர் அதிகம். அவள் பாசம் அதிகமாகி ஊற்றவில்லை, பயத்தில் ஊற்றினாள், ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்விட்டால் சாயந்தரம் வரைக்கும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற பயம். இரண்டாவது தடவை எறும்பு. விதை போட்ட குழிகளிலிருந்து தக்காளி விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு சாரை சாரையாகப் போன எறும்பை அவள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள், விரட்டக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு நிச்சயமாக, தனக்குரியதை எடுத்துப் போகிற மாதிரி அவை போய்க்கொண்டிருந்தன.

ஐஸ்கிரீம் குச்சியை நாற்றுக்கு அடியில் விட்டு நெம்பினாள். ஒன்று கேட்டால் மூன்று வந்தது. வேர்கள் பின்னிக்கொண்டிருந்தன, தலைமுடிச் சிக்கு எடுக்கிற மாதிரி எடுக்க வேண்டும், அவசரப்பட்டால் அறுந்துவிடும், அவசரப்படாமல் எப்படி இருப்பது, பத்து மணிக்குக் கொத்தனார் அந்தோணிசாமி வந்துவிடுவார். அண்ணன் சொன்னது பத்து மணி. அவளிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை சாப்பிடும்போது அண்ணியிடம் சொன்னான், ரசத்தை ஊற்றச் சொல்கிற அதே குரலில், ஞாயித்துக்கிழமை அந்தோணிசாமி வந்து மாடியில அளவு எடுக்கிறார், ஆவணி பொறந்ததும் வேலையை ஆரம்பிச்சுடலாம், தை மாசக் கல்யாணத்துக்குள்ள ரூம் ரெடியாயிடும் என்று. அண்ணன் மகன் மதனுக்கும் அவனுக்கு வரப்போகிற பெண்ணுக்கும் ஓர் அறை. மதன் ஓசூரில் வேலை பார்க்கிறான், மாதத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வருவான், அந்த இரண்டு தடவைக்காக இந்த மாடி முழுக்க. ஆனால் அப்படிச் சொல்லக் கூடாது, மதனைத் தூக்கி வளர்த்தவள் அவள், அவனுக்கு அறை வேண்டும்தான், புதுசாகக் கல்யாணம் ஆகிறவர்களுக்குக் கதவு வைத்த ஓர் இடம் வேண்டும்தான். அவள் ஒன்றும் மறுக்கவில்லை. மறுக்காதது மட்டுமா, சரி என்று வேறு சொன்னாள். அதுதான் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. யாரும் அவளைக் கேட்கவில்லை, யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அண்ணன் அண்ணியைப் பார்த்துத்தான் சொன்னான், அப்படியிருந்தும் அவள் தட்டைப் பார்த்தபடி, சரி, என்றாள். அந்தச் சரியை யார் கேட்டார்கள். எங்கிருந்து வந்தது அது. வாயைத் திறந்தாலே முதலில் அதுதான் வருகிறது, மற்றதெல்லாம் அதன் பின்னால் வரிசையில் நின்று, நேரமாகிவிட்டது என்று திரும்பிப் போய்விடுகிறது.

மூன்றில் ஒன்றைப் பிரித்துவிட்டாள், மற்ற இரண்டும் வரமாட்டேன் என்றன. அண்ணா, மாடியில ரூம் கட்ட வேணாம். இப்படித் தொடங்கக் கூடாது, எடுத்தவுடனே வேணாம் என்றால் அவனுக்குக் கோபம் வரும். அண்ணா, ஒண்ணு கேக்கலாமா. இது பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது. அண்ணா, செடியெல்லாம் எங்க வைக்கிறது. இதற்கு அண்ணி பதில் வைத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாள், பின்னாடி துணி துவைக்கிற கல்லு கிட்ட வச்சுக்கலாம், அங்க நிறைய இடம் இருக்கு. அங்கே இடம் இருக்கிறது, வெயில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாடி எழுப்பியதிலிருந்து அங்கே பகலில்கூட விளக்குப் போட்டால் தேவலை போல இருக்கும், கல்லின் ஓரத்தில் பாசிதான் வளரும், தக்காளி எப்படி வளரும். இதைச் சொல்லலாம், இது நியாயமான பேச்சு. ஆனால் சொன்னவுடன், ஒரு செடிக்காகவா என்று கேட்பார்கள். செடிக்காகத்தான். செடிக்காக மட்டுமா. வேறு எதற்காக என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டபோது கை நின்றுவிட்டது. காலையில் எழுந்ததும் இங்கே வந்து யாரோடும் பேசாமல் எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்று குனிந்து பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரம், அதை எந்த வாக்கியத்தில் வைத்து அண்ணனிடம் நீட்டுவது. இடம் வேண்டும் என்றால் பங்கு கேட்கிறாள் என்று ஆகிவிடும். அப்பா கட்டிய வீடு, அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவள் அவள், கேட்டால் தப்பில்லை என்று ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் ஜெசிந்தா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் பங்கு வேண்டாம். அவளுக்கு வெயில் வேண்டும். இதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா.

மிளகாய் விதைத்த டப்பாவை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. மிளகாய்க்கு நாளாகும் என்று தெரியும், தெரிந்தும் தினமும் ஓர் ஓரத்தைக் கிளறிப் பார்த்துவிடுகிறாள், கிளறிய இடத்தில் விதை அப்படியே வெளுப்பாக, ஒரு மாற்றமும் இல்லாமல் கிடக்கும், பிறகு கிளறியதால்தான் முளைக்கவில்லையோ என்று அன்றைக்கு முழுக்க உறுத்தும். ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் அவள் எவ்வளவு தெளிவாகப் பேசுவாள், கையை நீட்டுங்க, விரலை மடக்குங்க, திரும்பிப் பாக்காதீங்க, அவ்வளவுதான், முடிஞ்சது. பெரிய பெரிய ஆள்களெல்லாம் அந்தக் குரலுக்குக் குழந்தை மாதிரி கையை நீட்டியிருக்கிறார்கள். அந்தக் குரலை அவள் ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைக் கோட்டோடு கழற்றி மாட்டிவிட்டு வந்துவிடுகிறாள் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் வேறு ஆள். முன்னறை அவளுடையதாகத்தான் இருந்தது, மதன் பத்தாவது படிக்கும்போது அவன் படிக்க வேண்டும் என்று கட்டிலை எடுத்துச் சமையலறையை ஒட்டிய அறையில் போட்டார்கள், பரீட்சை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம் என்றார்கள், பரீட்சை முடிந்தது, அவன் காலேஜ் முடித்தான், வேலைக்கும் போனான், கட்டில் அங்கேயே கிடக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் பெரிய கஷ்டம். கெட்டவர்களாக இருந்திருந்தால் ஒரு நாள் கத்தியிருப்பாள். காய்ச்சல் வந்தால் அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊட்டுவாள், தீபாவளிக்கு அவளுக்குத்தான் முதலில் புடவை எடுப்பான் அண்ணன், நிறம் என்ன வேண்டும் என்று கேட்காமல் எடுப்பான், நன்றாகவும் இருக்கும். வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான், எங்க இந்திராணிக்கு எதுவுமே வேணாம், வாயைத் திறந்து ஒண்ணு கேட்டதில்ல, அப்படி ஒரு தங்கச்சி கிடைக்க மாட்டா. பெருமையாகச் சொல்வான். அவளும் பக்கத்தில் நின்று சிரிப்பாள்.

படியில் காலடி கேட்டது. அண்ணி கோகிலா ஈரத் துணி வாளியோடு வந்தாள், அண்ணனைவிட உயரம், மாடிக்கு வந்தால் எப்போதும் மூச்சு வாங்கும். "இன்னும் முடியலையா? வா, வந்து ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு அப்புறம் பண்ணு," என்றாள். "இதோ வரேன் அண்ணி," என்றாள் இந்திராணி. அண்ணி துணியை உதறிப் போட்டு கிளிப் மாட்டினாள், ஒரு கையால் காற்றில் பறக்கிற புடவையைப் பிடித்துக்கொண்டு நாற்றுகளை எட்டிப் பார்த்தாள். "இது என்ன, போன மாசமே தக்காளி போட்டியே?" "அது எறும்பு தின்னுடுச்சு." "அடடா. அதுக்கு முந்தியும் என்னமோ சொன்னியே." "அது அழுகிப்போச்சு." அண்ணி சிரித்தாள், கேலியாக இல்லை. "உனக்குத்தான் எவ்வளவு பொறுமை. நானா இருந்தா தூக்கிப் போட்டுட்டுக் கடையில வாங்கியிருப்பேன்." பொறுமை. இது பொறுமை இல்லை அண்ணி, எனக்கு எரிச்சலாக இருக்கிறது, காலையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக் கீழே வீசலாம் போல இருக்கிறது, நான் வீசாமல் இருப்பது வீசினால் பிறகு நானே பொறுக்க வேண்டும் என்பதால். இப்போது சொல்லிவிடலாம். அண்ணியிடம் சொன்னால் அண்ணனிடம் போய்விடும். அண்ணி, பின்னாடி வெயில் வராது. இரண்டே வார்த்தை, மூன்று வார்த்தை. "அண்ணி," என்றாள். "என்ன?" என்றாள் அண்ணி, கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு. "அந்தச் செவப்புத் துண்டு சாயம் போகும், தனியாப் போடுங்க." அண்ணி தலையாட்டித் துண்டைத் தனியாகப் போட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். இந்திராணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். துண்டு. சாயம்.

அந்தக் கரூர்க்காரர் வந்துவிட்டுப் போன அன்றைக்கும் இப்படித்தான். எதற்கு இப்போது அவர் நினைவு. மண்ணில் குச்சியால் குழி போட்டு நாற்றை இறக்கினாள், தண்டைப் பிடிக்கக் கூடாது, இலையைத்தான் பிடிக்க வேண்டும், சுற்றி மண்ணைத் தள்ளி விரல் நுனியால் அமுக்கினாள், அந்த விரலோடு அவரும் வந்துவிட்டார், கட்டம் போட்ட சட்டை, பெண் பார்க்க வந்த இடத்தில் மின்விசிறி கிரீச்சிடுகிறதே என்று எழுந்து போய் அண்ணாந்து பார்த்தவர், எண்ணெய் விட்டா சரியாயிடும் என்று அப்பாவிடம் சொன்னவர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் பார்த்துவிட்டார் அவள் சிரித்ததை. அவர்கள் போன பிறகு அப்பா கேட்டார், உனக்குப் பிடிச்சிருக்காம்மா. கேட்டார், அது உண்மை, கேட்காமல் இல்லை. அவள் சொன்னாள், நீங்க பாத்து என்ன செஞ்சாலும் சரிப்பா. பிடித்திருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். அந்தக் காலத்தில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொன்னார்கள், மற்ற வீடுகளில் அதற்குப் பிடித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அப்பா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிள்ளைக்கு இஷ்டமில்ல போலிருக்கு, வற்புறுத்த வேணாம் என்று அன்றைக்குச் சாயந்தரமே சொல்லி அனுப்பிவிட்டார், அவ்வளவு நல்ல அப்பா. அவள் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே போய், இல்லப்பா, என்று சொல்ல நடையைத் தாண்டினால் போதும். பிறகு வந்த வரன்கள் ஒன்றும் அமையவில்லை, பிறகு அப்பா படுத்துவிட்டார், பிறகு வரன் வருவது நின்றது. அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ, யார் வீட்டு மின்விசிறிக்கு எண்ணெய் விடுகிறாரோ. அதைப் பற்றி அவள் அழுததில்லை. இன்றைக்கு ஏன் கண் கரிக்கிறது, மண் விழுந்திருக்கும். புறங்கையால் துடைத்தாள், இன்னும் கொஞ்சம் மண் கண்ணுக்குள் போனது, இப்போது நன்றாகவே கரித்தது. இந்த வயதில் போய் மாடிக்காக அண்ணன் முன்னால் அழுதுவிடுவாளோ என்பதுதான் பயம். வாக்கியம் பாதியில் இருக்கும்போது குரல் உடைந்துவிட்டால் அவ்வளவுதான், பிறகு அவள் சொன்னது போய் அவள் அழுததுதான் மிஞ்சும், அண்ணன் பதறிப்போவான், அண்ணி கட்டிப்பிடித்துக்கொள்வாள், ஊரில் இருக்கிற எல்லாச் சமாதானமும் நடக்கும், அறையும் கட்டுவார்கள்.

காற்று ஒரு சுழி சுழித்து நட்டுவைத்த கப்புகளில் ஒரு வரிசையைத் தள்ளியது. பாய்ந்து பிடித்தாள். பிடித்ததில் இரண்டு கையோடு வந்தன, மற்றவை மண்ணைக் கொட்டிக்கொண்டு ஓடின, நாற்றுகள் வெள்ளை வேரைக் காட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் கிடந்தன. அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் கீழே பேச்சுக்குரலும் செருப்புச் சத்தமும் கேட்டன. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். கொத்தனார் எப்போது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார், இன்றைக்கென்று.

அண்ணன் தனபால் முன்னால் வந்தான், பனியனும் வேட்டியும், பின்னால் அந்தோணிசாமி, காதில் பென்சில், கையில் டேப். "என்னம்மா, நல்லா இருக்கீங்களா," என்று அவளிடம் சொல்லிவிட்டு அந்தோணிசாமி மாடியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார், காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். "தளம் நல்லாருக்கு சார். இந்த மூலையிலேர்ந்து எடுத்துக்கலாம். தண்ணித் தொட்டியை அந்தப் பக்கம் மாத்தணும்." டேப்பின் ஒரு முனையை அண்ணனிடம் கொடுத்தார். டேப் அவள் தலைக்கு மேலாகப் போனது. அவள் தரையில் உட்கார்ந்தபடி, ஒரு கையில் நாற்றும் ஒரு கையில் கப்புமாக, அந்த மஞ்சள் பட்டை காற்றில் படபடவென்று அடிப்பதைப் பார்த்தாள். "கொஞ்சம் நகர்ந்துக்கம்மா," என்றான் அண்ணன், அன்பாகத்தான், குனிந்து இட்லித் தட்டை எடுத்துச் சுவரோரம் தள்ளி வைக்கப் போனான். செண்டுப்பூ நாற்றுகள் தட்டில் ஒரு பக்கமாகச் சரிந்தன.

"அண்ணா, அதைக் கீழ வைங்க."

அவன் வைத்தான். அது அவளுடைய ஆஸ்பத்திரிக் குரல். எப்படி இங்கே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை, அது பாட்டுக்கு வந்து நின்றுகொண்டு மேலே பேசவும் செய்தது. "இங்க ரூம் கட்ட வேணாம். பின்னாடி வெயில் வராது, அங்க ஒரு செடியும் வராது. இங்கதான் வரும். எனக்கு இந்த இடம் வேணும்."

அந்தோணிசாமி டேப்பைச் சுருக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். காற்றில் அண்ணியின் புடவைகள் அடித்துக்கொண்டன. இதோ வரப்போகிறது என்று இந்திராணி காத்திருந்தாள், கோபமோ, வருத்தமோ, ஒரு செடிக்காகவா என்ற கேள்வியோ, எல்லாவற்றுக்கும் காலையிலிருந்து பதில் சேர்த்து வைத்திருந்தாள், ஒவ்வொன்றையும் எடுத்துக்கொடுக்க உடம்பு முழுக்கத் தயாராக இருந்தது. அண்ணன் கழுத்தைச் சொறிந்துகொண்டான். கைப்பிடிச்சுவருக்குப் போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். "அந்தோணி, இங்க வாங்க. அந்தத் துவைக்கிற கல்லை எடுத்துட்டா அங்கயே ஒரு ரூம் போட முடியுமா?" அந்தோணிசாமியும் போய் எட்டிப் பார்த்தார். "தாராளமாப் போடலாம் சார். அதான் வேலை லேசு. தொட்டியை மாத்த வேணாம், பொருளை மேல ஏத்த வேணாம். வெயில் வராததால ரூம் குளுமையாவும் இருக்கும்." "அப்ப அதையே பண்ணிடுவோம். வாங்க, கீழ போய் அளந்துடலாம்." அண்ணன் படிப்பக்கம் திரும்பினான், இறங்குவதற்கு முன்னால் நின்று அவளைப் பார்த்தான், அவன் முகத்தில் துளிக் கோபம் இல்லை, கொஞ்சம் ஆச்சரியம் மட்டும் இருந்தது. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா," என்றான். இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள்.

முடிந்துவிட்டது. நாற்றைக் குழியில் வைத்து மண் தள்ளுகிற நேரம்கூட ஆகவில்லை. இந்திராணி அப்படியே உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம் வர வேண்டும், வருவதற்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள், வரவில்லை. கீழே டேப் இழுக்கும் சத்தமும், அந்தோணிசாமி அளவு சொல்வதும், அண்ணன் ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டன. அவன் சண்டை போட்டிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். முடியாது என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் பிறகு ஒத்துக்கொண்டிருந்தால்கூட அவள் இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும், ஒரு சுவர் இருந்தது, அதனால் நின்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சுவரே இல்லையாம். கழுத்தைச் சொறிந்துகொண்டு எட்டிப் பார்த்தானாம், முடிந்ததாம். அப்படியானால் அந்தக் கட்டில். அப்படியானால் அன்றைக்கு நடையைத் தாண்டிப் போயிருந்தால். அப்பா திண்டில் சாய்ந்தபடி, அப்படியா, சரிம்மா என்று சொல்லியிருப்பாரா, இவ்வளவு சுலபமாக, பேப்பரை மடித்து வைத்துவிட்டு. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் கிளம்பி வந்தது, அது அண்ணனைத் தொட்டுவிட்டு அங்கே நிற்க இடமில்லாமல் திரும்பியது, அண்ணியைத் தொட்டுத் திரும்பியது, செத்துப்போன அப்பாவிடம் போய்த் திரும்பியது, கடைசியில் வந்து அவள் மடியிலேயே உட்கார்ந்துகொண்டது.

அவள் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது, நொண்டிக்கொண்டே படியின் மேல்முனைக்கு வந்து குனிந்து கூப்பிட்டாள். "அண்ணி." "என்ன, சாப்பிட வரியா?" சமையலறையிலிருந்து குரல் வந்தது. "எனக்குக் காப்பி வேணும். சக்கரை போடாம."

அண்ணி கையில் கரண்டியோடு படிக்கட்டின் அடியில் வந்து நிமிர்ந்து பார்த்தாள். "சக்கரை வேணாமா? ஏன், டெஸ்ட்ல ஏதாவது வந்திருக்கா? எப்பலேர்ந்து வேணாம்?"

"எப்பவுமே," என்றாள் இந்திராணி. வேண்டியதற்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. பின்பக்கம் டேப் இழுக்கிற சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு மறுபடி தொடங்கியது. அண்ணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள், இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தான் போட்டுக்கொடுத்த காப்பிகளையெல்லாம் மனசுக்குள் திரும்ப எடுத்துப் பார்க்கிறவள் மாதிரி, பிறகு உள்ளே போனாள். இந்திராணி திரும்பி வந்து கத்தரி நாற்றுகளின் முன்னால் உட்கார்ந்தாள். இந்தக் கோபத்தோடு தொட்டால் எல்லா வேரும் அறுந்துவிடும் என்று தெரிந்ததால், காப்பி வரும் வரைக்கும் அவள் எதையும் தொடவில்லை.